முளையிலே தெரியுமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் வாக்கு. பெற்றோர் தம் மக்களைப் பற்றியும், ஆசிரியர் தம் மாணாக்கரைப் பற்றியும் தீர்ப்புக் கூற நேரும்போதெல்லாம் இப்பழமொழி துணைக்கு வந்து நிற்கும். இக்கலாசாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து வரும் யாமும் இதனை எத்தனை முறை எடுத்தாண்டிருப்போம் என்பதற்கு அளவில்லை. அவ்வளவு உறுதியாய்ப் பற்றியிருந்த அவ்வாக்கின்மீது எமக்கு ஐயம் பிறந்தது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதனைப் பிறப்பித்தது ஒரு நூலுமன்று, அறிஞர் ஒருவரின் சொற்பொழிவுமன்று; கடல்கள் பல கடந்து, தென் அமெரிக்கக் கண்டத்திலே இளைஞர் ஆடிய ஒரு கால்பந்துப் போட்டியே. அவ்வரலாற்றை நம் கலாசாலை அன்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துச் சம்மேளனம் 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புவெனஸ் ஐரிஸ் நகரில் தோன்றியது. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, உருகுவே என்னும் நான்கு நாடுகள் அதனை நிறுவின. பின்னர் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து இன்று பத்து நாடுகள் அதன் உறுப்பாய் உள்ளன. இச்சம்மேளனம் பெரியோர்க்கெனப் போட்டி நடத்துவதோடு அமையாது, இளைஞர்க்கெனவும் ஒரு போட்டியை 1954ஆம் ஆண்டில் வெனிசுவேலா நாட்டிலே தொடங்கிற்று. முதற்கண் வாகை சூடியது உருகுவே. தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்ற இப்போட்டி, பிற்காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பதாயிற்று. இருபது வயதுக்குட்பட்டோரே இதில் ஆடற்குரியர். 2025 முடியப் பிரேசில் 13 முறையும், உருகுவே 8 முறையும், அர்ஜென்டினா 5 முறையும், கொலம்பியா 3 முறையும், பராகுவேயும் எக்வடோரும் ஒவ்வொரு முறையும் வென்றுள்ளன.

இங்கு நம்போன்ற கலாசாலையார் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. அக்கண்டத்தில் கால்பந்தாட்டம் வேரூன்றியதில் பள்ளி ஆசிரியர்க்குப் பெரும் பங்கு இருந்தது. கிளாஸ்கோ நகரிற் பிறந்த அலெக்சாண்டர் வாட்சன் ஹட்டன் என்னும் ஸ்காட்லாந்து ஆசிரியர் 1882ஆம் ஆண்டு புவெனஸ் ஐரிஸ் சேர்ந்து, 1884இல் தாமே ஒரு பள்ளியை நிறுவினார். பாடத்தோடு விளையாட்டும் கல்வியின் ஓர் அங்கமே என்பது அவர் கொள்கை. 1893இல் அந்நாட்டின் கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. அவர் பள்ளியின் மாணவரும் பழைய மாணவரும் சேர்ந்து அமைத்த அணி, பின்னர் 'அலும்னி' என்றே பெயர் பூண்டது. பழைய மாணவர் என்பதே அதன் பொருள். அவ்வணி 1900 முதல் 1911 வரையுள்ள காலத்தில் அந்நாட்டு வாகையைப் பத்து முறை பெற்றது. ஆண்டுக்கொருமுறை கூடி விருந்துண்டு கலையும் பழைய மாணவர் சங்கங்களையே கண்டிருக்கும் எமக்கு இது வியப்பளித்தது என்பதை மறைப்பானேன்!

இனி, போட்டி நடைபெறும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். இக்கட்டுரையின் கருத்து முழுதும் அம்முறையிலேயே அடங்கியுள்ளது. பத்து அணிகளையும் ஐந்தைந்தாய் இரு குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவிலுள்ள ஒவ்வோர் அணியும் மற்றை நான்கோடும் ஆடும். குழுவுக்கு மூன்று அணிகளாக ஆறு அணிகள் அடுத்த சுற்றுக்குத் தேறும். அவ்வாறும் தம்முள் ஒன்றோடொன்று மோதும். அதில் மிகுந்த புள்ளிகள் பெற்ற அணியே வாகை சூடும். இறுதியாட்டம் என்று தனியே ஒன்றில்லை. வென்றால் மூன்று புள்ளி, சமன் செய்தால் ஒரு புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. ஆகவே வாகை சூடும் அணி மூன்றரை வாரத்துள் ஒன்பது ஆட்டம் ஆடியாக வேண்டும். ஒரு நாள் வீழ்ந்தவன் அன்றே வீட்டுக்குச் செல்லும் போட்டிகள் உலகில் பலவுண்டு. அவற்றை யாம் குறைகூற வரவில்லை. ஆயின் இளைஞர்க்கென அமைந்த இப்போட்டியில், ஒரு நாள் வீழ்ந்தவனுக்கு மறுபடி எழுந்து நிற்க நாள் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கருதுக.

2025ஆம் ஆண்டுப் போட்டி முதலிற் பெரு நாட்டில் நடப்பதாயிருந்து, பின்னர் வெனிசுவேலாவுக்கு மாற்றப்பட்டது. ஜனவரி 23ஆம் நாள் அது தொடங்கிற்று. மறுநாள் மாலை வலென்சியா என்னும் நகரில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் எதிர்நின்றன. அங்கு மாலையாயின் நமக்கு விடியற்கு முந்திய பொழுது. அக்காலத்தில் யாம் மாணவர் விடுதியின் காப்பாளராகவும் இருந்தமையின், சனிக்கிழமை விடியுமுன் விளக்கெரியும் அறையொன்றைக் கண்டு, யாரோ உறங்காது படிக்கின்றார் என மகிழ்ந்து உள்ளே எட்டிப் பார்த்தோம். நால்வர் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்து, ஆட்டத்தின் கணக்கை நொடிக்கு நொடி நோக்கிக் கொண்டிருந்தனர். சினந்து கொள்ளவே நுழைந்தோம். ஆயினும் இளமையில் இக்கலாசாலைத் திடலில் வெறுங்காலால் பந்துதைத்த நினைவு எம்மை அங்கேயே இருத்திவிட்டது.

ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் செல்லுமுன் அர்ஜென்டினா மூன்று கோல் அடித்துவிட்டது. யாம் எழுந்து நின்று, "பிரேசிலின் கதை முடிந்தது, விளக்கை அணைத்துவிட்டு உறங்குங்கள்" என்றோம். நால்வருள் ஒருவன், முதலாண்டு மாணவன், தலை நிமிராமலே விடை கூறினான்: "ஐயா, இந்த ஆட்டத்தைத் தோற்கலாம், போட்டியை இன்னும் தோற்கவில்லை. குழுவிலே இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது. தேறினால் மேலே ஐந்து." அந்த ஆட்டம் ஆறுக்குச் சூனியம் என்று முடிவுற்றது. ஆறு கோல்! அதுவும், உலகக் கோப்பையை ஐந்து முறை ஏந்திய நாட்டின் இளைஞர்க்கு! மஞ்சட்சட்டை அணிந்த அப்பிள்ளைகள் அன்றிரவு எவ்வாறு உறங்கியிருப்பர் என்று எண்ணியவாறே யாம் அறைக்குத் திரும்பினோம்.

அன்று காலை பத்து மணியளவில் எம்மைக் காண ஒருவர் வந்தார். நடுத்தர வயதினர், வெளுத்த வேட்டியும், சுண்ணாம்பும் சிமிட்டியும் பட்டுப்பட்டு வெடித்த கைகளுமாய் நின்றார். கொத்தனார் வேலை செய்பவர் என்றும், இன்ன மாணவனின் தந்தை என்றும் தம்மை அறிவித்துக் கொண்டார். விடியற்காலையில் எமக்கு விடை கூறிய அதே மாணவனே அவர் மைந்தன். முதற்பருவப் பரீட்சையின் முடிவுகள் அவ்வாரத்திலேதான் வெளிவந்திருந்தன. ஆறு பாடங்களுள் நான்கில் அவன் தவறியிருந்தான். எமது கணிதப் பாடத்தில் அவன் பெற்றது நூற்றுக்குப் பத்தொன்பது.

அமரச் சொல்லியும் அவர் அமரவில்லை. "ஐயா, சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. இவன் தேறுவானா? தேற மாட்டான் என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

எம் நாவின் நுனியில் விடை ஆயத்தமாய் இருந்தது. முளையிலே தெரிகிறதே என்று அப்பழமொழியே வாய்க்கு வந்தது. ஆயின் அதனைச் சொல்ல வாயெடுத்தபோது, அவருடைய மைந்தன் அன்று விடியலில் எண்ணிக் காட்டிய ஆட்டங்களின் கணக்கு இடையே வந்து நின்றது. சில மணி நேரத்துக்கு முன்னர் யாம் ஓர் அணியைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து வைத்தோம். இப்போது ஒரு பிள்ளையை ஒரு பருவத்தில் முடித்து வைக்கப் போகின்றோம். "மூன்று வாரம் பொறுங்கள், ஆராய்ந்து சொல்லுகிறோம்" என்று மட்டும் கூறி அவரை அனுப்பினோம். அவர் நம்பிச் சென்றார். எமக்கோ அன்றிரவு உறக்கமில்லை.

உறக்கம் கெட்டதற்குக் காரணம் அவரல்லர். பழைய வேறொரு நினைவு. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே அறைக்கு ஒரு தாய் வந்து இதே வினாவை வினவினார். யாம் சிறிதும் தயங்காது, "அம்மா, படிப்பு இவனுக்கு ஏறாது, காலத்தை வீணாக்க வேண்டா" என்று விடை பகர்ந்தோம். அவ்வாரமே அம்மாணவன் விடுதியைவிட்டுச் சென்றான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரின்மேல் யாம் இட்ட சிவப்புக்கோடு இன்னும் இருக்கும். அவன் பின்னர் என்னவானான் என்பதை யாம் அறியோம். நெடுங்காலம் யாம் சொன்னது சரியென்றே எண்ணியிருந்தோம். ஏனெனில் அதனைப் பொய்யென்று காட்டக்கூடியவன் ஒருவனே, அவனை யாமே அனுப்பிவிட்டோம். முளையைக் கிள்ளியெறிந்த பின், அது விளைந்திராது என்று சாதிப்பது எளிதன்றோ? இந்தத் தீர்ப்பின் கொடுமை அது தவறாகலாம் என்பதன்று. தவறாயினும் அத்தவறு ஒருகாலும் வெளிப்படாது என்பதே.

அதன்பின் வந்த நாட்களில், அப்போட்டியின் பழைய வரலாற்றை யாம் தேடிப் படிக்கலானோம். கணித ஆசிரியர்க்கு இயல்பான ஆவல் ஒன்று எம்மை உந்திற்று: இளைஞர் போட்டியில் வென்றவர் எல்லாம் பின்னர்ப் பெரியோராயினரா, தோற்றவர் எல்லாம் மறைந்தனரா என்று காண விரும்பினோம். கண்டது எம்மைத் தலைகுனியச் செய்தது.

முதலாவது, தியேகோ மரடோனா. 1978இல் அர்ஜென்டினா தன் மண்ணிலேயே உலகக் கோப்பையை நடத்தி வென்றபோது, பதினேழு வயதினராயிருந்த அவர் அணியிற் சேர்க்கப்படாது நீக்கப்பட்டார். மறு ஆண்டு உருகுவேயில் நடந்த இவ்விளைஞர் போட்டியில் அவர் ஆடினார். ஆயின் வாகை சூடியது உருகுவே, அர்ஜென்டினாவுக்கு இரண்டாமிடமே. அதே 1979இல் ஜப்பானில் நடந்த இளைஞர் உலகப் போட்டியில் அவர் தம் அணிக்கு வாகை பெற்றுத் தந்து, சிறந்த ஆட்டக்காரர் எனவும் பாராட்டப் பெற்றார். 1986இல் மெக்சிகோவில் அவர் உலகக் கோப்பையை ஏந்தியது யாவரும் அறிந்ததே.

இரண்டாவது, லியோனல் மெஸ்ஸி. 2005ஆம் ஆண்டு கொலம்பியாவில் இப்போட்டி நடந்தபோது அவருக்கு வயது பதினேழு. வென்றது கொலம்பியா, அர்ஜென்டினா மூன்றாமிடம் பெற்றது. அப்போட்டியில் மிகுதியாய்க் கோல் அடித்தவர் மெஸ்ஸியல்லர். கொலம்பியாவின் ஊகோ ரொடல்லேகா என்பவர். அவர் அடித்தவை 11. அன்று அங்கு நின்று பார்த்த ஒருவர், விளையும் பயிர் எதுவென்று கேட்டால், எவரைச் சுட்டியிருப்பார்? ரொடல்லேகா பின்னர் இங்கிலாந்து முதலிய நாடுகளில் நெடுங்காலம் நன்கு ஆடினார். அவர் பெருமையை யாம் குறைக்கவில்லை. ஆயினும் அவ்வாண்டே நெதர்லாந்தில் நடந்த இளைஞர் உலகப் போட்டியை வென்று, 2022இல் கத்தாரில் உலகக் கோப்பையையும் ஏந்தியவர் மூன்றாமிடத்து அணியின் அச்சிறுவரே. இவ்வாறாக, அர்ஜென்டினாவின் இரு பெரும் ஆட்டக்காரரும் தத்தம் காலத்துப் பெரும் போட்டிகளில் இக்கண்டத்து இளைஞர் வாகையைப் பெற்றிலர்.

மூன்றாவது, 2013ஆம் ஆண்டுப் போட்டி. அது அர்ஜென்டினாவிலேயே நடந்தது. அவ்வாண்டில் விருந்தளித்த அர்ஜென்டினாவும், பிரேசிலும், இரண்டும் முதற்சுற்றிலேயே வெளியேறின. கொலம்பியா வென்றது. அதற்கு அடுத்த 2015ஆம் ஆண்டுப் போட்டியில், வீட்டு முற்றத்திலேயே வீழ்ந்த அதே அர்ஜென்டினா உருகுவே சென்று வாகை கொண்டு திரும்பியது. உருகுவேயின் கதையும் நோக்கற்பாலது. 1975, 1977, 1979, 1981 என அடுத்தடுத்து நான்கு முறை வென்ற அச்சிறு நாடு, மீண்டும் வெல்ல 2017 வரை முப்பத்தாறு ஆண்டு காத்திருந்தது. அவ்வாண்டுப் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற வெனிசுவேலாவோ, சில திங்களுக்குள் இளைஞர் உலகப் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று, இங்கிலாந்திடம் ஒரே கோலில் தோற்றது.

நான்காவது செய்தியே எம் நெஞ்சை மிகவும் தொட்டது. 2021ஆம் ஆண்டிற் கொலம்பியாவில் நடக்கவிருந்த போட்டி கொரோனாப் பெருநோயினால் கைவிடப்பட்டது. பிறந்த ஆண்டைக் கொண்டே தகுதி வரையறுக்கப்படும் போட்டியாதலின், 2001இலும் அதனையடுத்தும் பிறந்த பல இளைஞர்க்கு அவ்வாயில் திறவாமலே மூடிற்று. வயதைத் தள்ளிவைக்க எந்தச் சம்மேளனத்தாலும் இயலாதன்றோ? அதே காலத்தில் நம் மாணவரும் வகுப்பறையைக் காணாமல், கைபேசித் திரையிலே பாடம் கேட்டு, பள்ளியின் நல்ல ஆண்டுகளை இழந்தனர். எம்மிடம் பத்தொன்பது மதிப்பெண் பெற்ற மாணவனும் அவருள் ஒருவன். அவன் பின்னங்களையும் சமன்பாடுகளையும் கற்க வேண்டிய வயதில் வீட்டில் ஒரே கைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இதனை யாம் விடைத்தாளிற் கண்டிலோம், கேட்டபின்னரே அறிந்தோம். ஆயின் 2001இல் பிறந்தவருள் அர்ஜென்டினாவின் என்சோ பெர்னாண்டஸ் என்பவரும் ஒருவர். தம் வயதினர்க்குரிய கண்டப் போட்டியே நடவாது போன அவர், அடுத்த ஆண்டிலேயே கத்தார் உலகக் கோப்பையை வென்ற அணியில் நின்று, அப்போட்டியின் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்னும் பரிசையும் பெற்றார். மூடிய வாயிலே உலகின் ஒரே வாயில் அன்று.

இதற்கிடையே வெனிசுவேலாவில் போட்டி நடந்து கொண்டிருந்தது. யாமோ முன்போலன்றி, அதனை ஓர் ஆய்வாளனின் கருத்தோடு நோக்கலானோம். ராமோன் மெனேசஸ் என்பவர் பிரேசிலின் பயிற்சியாளர். ஆறு கோல் வாங்கிய அவ்வணி, குழுவின் மூன்று இடங்களுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தேறிற்று. அங்கே உருகுவேயை வென்றது, கொலம்பியாவை வென்றது, பராகுவேயையும் வென்றது. பின்னர்ப் பிப்ரவரித் திங்களின் இடையில், தன்னை ஆறு கோலால் நாணச் செய்த அர்ஜென்டினாவை மீண்டும் எதிர்நின்று, ஒன்றுக்கொன்று எனச் சமன் செய்தது. இருபது நாட்களுக்கு முன் பன்னிரண்டு நிமிடம் தாங்கமாட்டாதவர் இவரே! இறுதி நாளன்று இரு அணிகளும் பப்பத்துப் புள்ளிகளோடு நின்றன.

ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த பின்னர் அம்மாணவன் எம் அறைக்கு வந்து, எந்த அணி எத்தனை கோல் வேறுபாட்டில் வென்றால் எவ்வாறு முடியும் என்பதைத் தாளும் எழுதுகோலும் இன்றி வாய்க்கணக்காகவே சொல்லுவான். ஆறு அணி, பதினைந்து ஆட்டம், புள்ளி, கோல் வேறுபாடு எல்லாம் அவன் தலைக்குள் ஒழுங்காய் இருந்தன. ஒருநாள் யாம் அவனை நிறுத்தி, "தம்பி, நீ இப்போது செய்தது என்னவென்று அறிவாயா? இதுவே யாம் வகுப்பில் ஒரு திங்களாய்க் கற்பித்த பாடம்" என்றோம். அவன் நம்பாமல் எம்மை நோக்கினான். கரும்பலகையில் அவ்வட்டவணையையே எழுதி, அதிலிருந்து சமன்பாடுகளை யாம் வரைந்து காட்டினோம். அன்று முதல் மாலைதோறும் அரைமணி நேரம் அவன் எம்மிடம் பாடம் கேட்கலானான். கற்பித்தோம் என்று பெருமை பேசுவதற்காக இதனை எழுதவில்லை. முன்னமே செய்திருக்க வேண்டிய பணி அது. பந்தாட்டம் ஒன்று வந்து எமக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 16ஆம் நாள் அங்கே இறுதி ஆட்டங்கள் நடந்தன. அர்ஜென்டினா பராகுவேயிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. பிரேசில் சிலியை மூன்றுக்குச் சூனியம் என்று வென்றது. பதின்மூன்று புள்ளிகளோடு பிரேசில் பதின்மூன்றாம் முறையாக வாகை சூடிற்று. முதல் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கிய அணி!

அவ்வாரத்தில் கொத்தனார் மீண்டும் வந்தார். இம்முறை அவரை வற்புறுத்தி அமரச் செய்தோம். "ஐயா, உங்கள் மகன் தேறுவான் என்று எம்மால் உறுதி கூற இயலாது, தேற மாட்டான் என்றும் கூற இயலாது. ஒரு பருவம் பார்த்து அதனைச் சொல்லக்கூடியவர் எவருமிலர். உங்கள் தொழில் தாழ்ந்ததென்று எண்ணி இதைச் சொல்லவில்லை. அவன் அதற்கு வந்தாலும் தன் விருப்பத்தால் வரட்டும், எம் சொல்லால் வரவேண்டா. இன்னும் அவனுக்கு ஐந்து பருவம் இருக்கிறது" என்றோம். அவர் நெடுநேரம் தம் கைகளையே நோக்கியிருந்தார். பின்னர், "சுவர் எழுப்பும்போது முதல் வரி கோணிப்போனால் நாங்கள் வீட்டையா இடிக்கிறோம்? தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, அந்த வரியைத் திருத்திக்கொண்டு மேலே போகிறோம். இருக்கட்டும், ஐயா" என்று கூறி எழுந்தார். எமது இருபதாண்டுக் கல்விப் பணி முழுவதும் அவருடைய அச்சொல்லில் அடங்கியிருந்தது.

கதையை இவ்விடத்தில் முடித்தால் கேட்போர்க்கு இனிமையாயிருக்கும். ஆயின் உண்மை அவ்வாறு முடியவில்லை, முடியாததே நன்று. அதே 2025ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் சிலி நாட்டில் இளைஞர் உலகப் போட்டி நடந்தது. கண்டத்து வாகையரான பிரேசில் அங்கே ஓர் ஆட்டத்தையும் வெல்லாமல், முதற்சுற்றிலேயே வெளியேறியது. உலகப் போட்டியில் அவ்விதம் வெளியேறியது அந்நாட்டு இளைஞர்க்கு அதுவே முதன்முறை. கண்டத்தில் இரண்டாமிடம் பெற்ற அர்ஜென்டினாவோ இறுதியாட்டம் வரை சென்று மொராக்கோவிடம் தோற்றது. கொலம்பியாவுக்கு மூன்றாமிடம். ஜனவரியில் ஆறு கோல் வாங்கியவர் பிப்ரவரியில் வென்றனர். பிப்ரவரியில் வென்றவர் அக்டோபரில் வீழ்ந்தனர். இனி வரும் ஆண்டுகளில் அவருள் எவர் எவ்வாறு விளங்குவர் என்பதை யார் முன்கூட்டி உரைக்க வல்லார்?

ஆகவே தோற்றவன் பின்னர் வெல்வான் என்பது யாம் கற்ற பாடமன்று. அவ்வாறு வாக்களித்தல் தோற்றவனை ஏமாற்றுவதாகும். வளர்கின்றவரைப் பற்றி, நல்லதாயினும் தீயதாயினும், முடிந்த முடிபு கூறுதல் நமக்கு உரிமையன்று என்பதே யாம் கற்றது. பரீட்சை வைத்தல் நம் கடன். மதிப்பெண் இடுதலும் நம் கடன். பத்தொன்பதைப் பத்தொன்பது என்றே எழுத வேண்டும். ஆறு கோலை ஆறென்றே அவர்கள் எழுதினார்கள். ஒன்றையும் குறைத்து எழுதவில்லை. ஆனால் அதனை எழுதிய பின்னர் அடுத்த ஆட்டத்தின் நாளையும் எழுதி வைத்தார்கள்.

அம்மாணவன் இரண்டாம் பருவத்தில் எமது கணிதப் பாடத்தில் நாற்பத்து மூன்று பெற்றுத் தேறினான். பழைய நான்கு பாடங்களுள் இரண்டில் தேறினான். இரண்டு இன்னும் நிற்கின்றன. அவன் சிறந்த கணித மாணவனாவானோ, தந்தையின் தொழிலை ஏற்பானோ, யாம் எண்ணாத வேறொரு துறையில் விளங்குவானோ, அறியோம். இப்போது மாலைதோறும் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத் தென் அமெரிக்க அணிகளின் பெயரை ஒப்பிக்கக் கேட்கின்றோம். அதுவும் எமக்குப் பாடமாய்விட்டது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று உழவன் கூறுவானாயின், அவன் அம்முளைக்கு நீர் பாய்ச்சுவதையும் களை எடுப்பதையும் நிறுத்திவிட்டுக் கூறுவதில்லை. கதிர் முற்றும்வரை வயலைவிட்டு அவன் அகல்வதுமில்லை. அதை மறந்து, வரப்பில் நின்று தீர்ப்பு மட்டும் உரைத்து வந்தோம் யாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எம் அறையைவிட்டுச் சென்ற அம்மாணவர் எங்கிருப்பினும், இவ்வாண்டு மலர் எவ்வாறேனும் அவர் கைக்கு எட்டுமாயின், யாம் அன்று கூறியது தவறு என்பதை இதனால் அறிவாராக. அவர் ஒருமுறை இவ்வழி வந்து எம்மைக் காண்பாராயின், அதனினும் பெரிய பேறு எமக்கு வேறில்லை.